அனுப்புநர் பெயர்

வெஸ்டா நிலையம். பாறை ஆய்வுக்கூடப் பதிவு.
பதிபவர்: இசக்கியம்மாள், பாறையியல்.

நாள் 1412 — 07:40

மூன்றாம் துளையிலிருந்து வந்த பாறை உருளைகள் பதினாறு. அறுத்து, எண்ணிட்டு, அடுக்கியாயிற்று. காற்றைச் சுத்திகரிக்கும் ஆலை ஓடுகிறது. வடிகட்டிகள் தேய்ந்துவிட்டன, இன்னும் நாற்பது நாள் தாங்கும். புதியவை சரக்குக் கப்பல் நெய்தலில் வருகின்றன. மூன்று நாளில் இங்கே இருக்கும்.

பழுது: மெயில் வெளியே போகவில்லை. உள்ளே வருவதில் குறையில்லை. நெய்தலின் கேப்டன் ஜெரால்ட் பர்னாந்து எழுதியது சற்று முன்பு வந்தது:

"யக்கா, ஒங்க தலைவருக்கு நாலு பாட்டில் நார்த்தங்கா ஊறுகா வருது. ஒனக்கு ஒண்ணும் வரல. கேக்காதவளுக்கு என்னத்தக் கொண்டாறது? மூஞ்சியத் தூக்காத. எங்க கப்பல் பேச்சிமுத்து ஒனக்குன்னு மாசிக் கருவாடு பதுக்கி வச்சிருக்கான்."

பதில் எழுதினேன். அவுட்பாக்ஸிலேயே நிற்கிறது. அதற்கு முன்னால் இரண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய மெயில், நேற்று மாலை முதல் எழுபத்தொரு சதவீதத்தில்.

செய்து பார்த்தவை: நிரலை மூடித் திறந்தேன். சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் சரிபார்த்தேன். பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தேன். பாதுகாப்பு நிரலை அணைத்தும் அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: வெளியனுப்பும் சர்வர் பதிலளிக்கவில்லை.

இதைப் பின்னாளில் படிப்பவருக்கு: இங்கே வருகிற மெயில் ஒரு வழி, போகிற மெயில் வேறு வழி. வருவது கூரையிலுள்ள சிறிய ரிசீவர் மூலம் நேராக என் மேசைக்கு வந்துவிடும். போவது ஆன்டெனா அறையிலுள்ள சர்வருக்குச் சென்று, அங்கிருந்துதான் வெளியேற வேண்டும். அந்தச் சர்வரில் ஒரே ஒரு கணக்கு, நிலையத் தலைவர் மாசிலாமணி பெயரில். வந்த புதிதில் மற்ற நால்வரும் ஆளுக்கொரு கணக்கு கேட்டோம். பூமியிலிருந்து ஒப்புதல் வர ஒரு மாதமாகும் என்றார்கள். அதுவரை என் பாஸ்வேர்டையே போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மாசிலாமணி. அனுப்புநர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் அவரவர் பெயர். ஒரு ரேஷன் கார்டில் பக்கத்து வீட்டுக்காரரும் சர்க்கரை வாங்குகிற மாதிரிதான். அந்த ஒப்புதலைப் பிறகு யாரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஆகப்போகின்றன.

அந்தப் பெரிய மெயில் ஒரு புகார். எங்கள் துளையாளர் லிங்கேசன் முப்பத்தொரு நாள் முன்பு செத்தார். அழுத்த அலாரம் அடித்திருந்தால் தப்பி வர அவருக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்திருக்கும். அலாரத்தை அணைத்து வைத்தவர் மாசிலாமணி. கட்டுப்பாட்டு அறை வீடியோவில் அவர் கையும் முகமும் தெரிகின்றன. வீடியோவை இணைத்து மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறோம்: நான், மருத்துவர் உஷாராணி, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கமருதீன். விசாரணைக் குழு நாளை மறுநாள் கூடுகிறது. அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

நாள் 1412 — 11:15

கமருதீனுக்கு உள்ளிணைப்பில் செய்தி தட்டினேன். பதில்:

"யக்கோவ், நான் மூணாம் துளையில கேபிளோட கட்டிப் பொரண்டுட்டு கெடக்கேன். சாயங்காலம் வாரேன். வீடியோவச் சுருக்கி அனுப்புனியா, இல்ல மாட்டுவண்டியில லாரிய ஏத்தி வச்சிருக்கியா?"

சுருக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. மாசிலாமணி ஆன்டெனா அறையில்தான் இருந்தார். அவருக்குத் தட்டினேன்: "வெளிய போற மெயில் அடைச்சிட்டு நிக்குது சார். கொஞ்சம் பாருங்க." எந்த மெயில் என்று சொல்லவில்லை.

"பாக்குறேம்மா. சாப்டியா?"

நாள் 1412 — 14:05

அவுட்பாக்ஸ் காலி. நான்கும் போய்விட்டன. பழுது நீங்கியது.

நாள் 1412 — 16:50

கமருதீனோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தை அப்படியே பதிகிறேன்.

"மெயிலு போயிருச்சாமே யக்கா. யாரு சரி பண்ணுனது?"

"மாசிலாமணி சார்."

"நீ அவர்ட்டயா போய்ச் சொன்ன?"

"அடைச்சிருக்குன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அடைப்ப எடுக்கணும்னா சர்வருக்குள்ள போயி வரிசையத் தெறந்துதான எடுக்கணும். வரிசையில மொத ஆளா நிக்கிறது எது?"

என் மேசையில் அடைத்து நிற்கும் மெயில் என் மேசையில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதில் எழுபத்தொரு சதவீதம் அவருடைய கணக்கில், அவர் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில், நேற்று மாலையிலிருந்து கிடந்திருக்கிறது. கடிதம் முன்னால் போகும், வீடியோ பின்னால் போகும். கடிதம் முழுசாகவே அங்கே இருந்திருக்கும்.

"அவரு பாஸ்வேர்டுலயே அவரு மேல பெட்டிசன் போட்டிருக்கோம் யக்கா. மூணு பேரும் நல்லாப் படிச்சவங்க. சரி, பயப்படாத. நான் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

நாள் 1413 — 06:30

கமருதீன் அறைக்குத் திரும்பவில்லை. உஷாவும் நானும் தேடிப் போனோம். ஆன்டெனா அறைக்குப் போகும் நடைவழியில் கிடந்தான். பின்மண்டை உள்ளே போயிருந்தது. ஒரு அடியல்ல, பல அடிகள். வெஸ்டாவில் மனிதருக்கு எடை கிடையாது, பூமியில் அறுபது கிலோ என்றால் இங்கே ஒன்றரை. அடிக்கு மட்டும் எந்தக் குறைவும் இல்லை. இரத்தம் கூரை வரை போய் ஒட்டியிருந்தது. உஷா அவன் கண்ணை மூடப் பார்த்தாள். ஒரு கண் மூடுகிற நிலையில் இல்லை.

நாள் 1413 — 08:50

இடது கையால் தட்டுகிறேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போது மாசிலாமணி பின்னால் வந்தார். கையில் துளைக்கருவி ஸ்பேனர், ஒரு முழ நீளம். உஷாவை முகத்தில் அடித்தார். அடித்த வேகத்தில் அவரே பின்னால் பறந்து சுவரில் மோதினார். அந்த நேரத்தில் உஷாவை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். நான் தனியாக ஓடினேன். உஷா என் பின்னால் தவழ்ந்து வந்தாள். ஆய்வுக்கூடத்துக் கதவை மூடும்போது அவள் கை உள்ளே நீண்டிருந்தது. என் கையும் அங்கே இருந்தது. அவள் கையை வெளியே தள்ளினேன். கதவு மூடியது. என் வலது கையில் இரண்டு விரல்கள் கதவோடு போயின.

அவளை உள்ளே இழுக்கப் பார்த்தேன் என்று முதலில் எழுதினேன். அதை அழித்துவிட்டேன். இந்தப் பதிவில் பொய் வேண்டாம்.

வெளியே அடிகள் கேட்டன. ஏழு எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

விரல்களை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கத்தவில்லை. கத்தினால் நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இருப்பது ஒரே அறை.

நாள் 1413 — 13:10

ஜெரால்டுக்கு எழுதினேன். இருவரையும் கொன்றது யார், நான் எங்கே இருக்கிறேன் என்று நான்கு வரி. நிரல் சொல்வது: பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை.

மாற்றிவிட்டார். அவருடைய பாஸ்வேர்டு, அவர் மாற்றலாம்.

அவர் பிறந்த நாள், அவர் மகள் பெயர், நிலைய எண் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்பது முறை. வந்து சேரும் மெயில் மட்டும் நிற்கவில்லை. ஜெரால்டிடமிருந்து ஒன்று:

"யக்கா, நீ எழுதுனத மூணு வாட்டி படிச்சேன். கமருதீன அடிச்சேன், டாக்டரம்மாவ அடிச்சேன், இன்னும் ஒருத்தர் பாக்கின்னு எழுதியிருக்க. மொதல்ல மாசிலாமணி அண்ணாச்சி சொன்னப்ப நான் நம்பல. நம்ம இசக்கியாக்காவா, பாறையத் தவிர எதையும் ஒடைக்க மாட்டாளேன்னேன். ஒன் கையாலயே எழுதிட்டியே. கதவப் பூட்டிட்டு உள்ளயே கெட. நாங்க வந்து பேசிக்கிடுவோம்."

நான் ஒன்றும் எழுதவில்லை. அனுப்புநர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை அடிக்க எவருக்கும் நான்கு விநாடி போதும்.

நாள் 1414 — 05:55

ஆய்வுக்கூடத்துக்கு வரும் காற்றை அடைத்துவிட்டார். விண்ணுடை அணிந்துகொண்டேன். பதினொரு மணி நேரக் காற்று. கப்பல் நாளை காலை வருகிறது. அதற்கு முன் ஜெரால்ட் நம்பும்படி ஒரு மெயில் போயாக வேண்டும். போகாவிட்டால், இங்கே அடைந்து கிடந்தாலும் சாவேன், வெளியே வந்தாலும் சாவேன்.

அவசர வாசல் வழியாக நிலப்பரப்பில் இறங்கலாம். ஆன்டெனா கம்பம் முந்நூறு மீட்டர். இந்தப் பதிவுப் பெட்டி இடுப்பில் வருகிறது.

நாள் 1414 — 11:40

கம்பத்தின் அடியில் கேபிளைக் கழற்றினேன். கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கையில் உருளை எடுக்கும் எஃகுக் கம்பி.

மாசிலாமணி உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார் என்று எனக்கு வரிசையாகத் தெரிந்தது. முதலில் திரும்ப அனுப்பிப் பார்ப்பார். நிரலை மூடித் திறப்பார். முகவரி, போர்ட் எண். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை அடிப்பார். சர்வரை அணைத்துப் போடுவார். கேபிளை எல்லாரும் கடைசியாகத்தான் பார்ப்பார்கள், அதுவும் வெளியே இருக்கிற கேபிளை. அவர் விண்ணுடையில் வெளியே வர இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. நானாக இருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

குனிந்து கேபிளை எடுத்தார். முதுகிலிருந்த காற்றுக்குழாயில் கம்பியைச் செருகித் திருகினேன். திரும்பி என் கழுத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் உருண்டோம். அவர் ஹெல்மெட்டைப் பாறையில் மோதினேன். கண்ணாடி உடையவில்லை. மறுபடி மோதினேன். கோடு விழுந்தது. மறுபடி. அவர் பிடி தளர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

ஹெல்மெட் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேசியது:

"இசக்கி... அந்த அலாரம் சும்மா சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. நாப்பது வாட்டி பொய்யாக் கத்துச்சு. நாப்பத்தொண்ணாவதும் பொய்யின்னுதான் நெனச்சேன். பொம்பளப் புள்ள இருக்கு எனக்கு. ஜெயிலுக்குப் போனா அவள யாரு..."

ரேடியோவை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. நான்கு நிமிடம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு அவர் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். கை வலித்தது. வேறொன்றும் வரவில்லை.

கேபிளைத் திரும்பப் பொருத்தினேன்.

நாள் 1414 — 13:00

ஆன்டெனா அறை. சர்வர் திறந்தே இருக்கிறது. அனுப்பியவை என்ற பெட்டியில் என் பெயரில் பதினொரு மெயில்கள். படித்தேன். என் வாக்கியங்கள் எப்படி முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கமா போடுகிற இடத்தில் கமா. நான்கு வருடமாக என் மெயில் எல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. தங்கைக்கு எழுதியது, விவாகரத்து வக்கீலுக்கு எழுதியது, எல்லாம். எங்கள் புகார் மட்டும் அனுப்பியவற்றில் இல்லை, அழித்துவிட்டார்.

லிங்கேசன் வீடியோவின் இன்னொரு பிரதி கமருதீனின் கணினியில் இருந்தது. அதை இணைத்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். கதவில் உஷாவின் கையைத் தள்ளியது உட்பட. மாசிலாமணியைக் கொன்றேன் என்றும் எழுதினேன். அனுப்புநர்: இசக்கியம்மாள். நாற்பது நிமிடத்தில் நூறு சதவீதம். பிழை எதுவும் வரவில்லை.

நாள் 1414 — 15:20

ஜெரால்ட்:

"இப்ப நீ அண்ணாச்சியையும் முடிச்சிட்ட. நீயே சொல்லுத. வீடியோ பாத்தோம். அது லிங்கேசன் செத்ததுக்குச் சாட்சி. கமருதீனுக்கு யாரு சாட்சி? அந்தப் பதினொண்ண நான் எழுதலன்னு சொல்லுத. அப்ப இத மட்டும் நீதான் எழுதுனன்னு நான் எப்பிடி நம்ப? கண்ணால பாக்காம ஒரு மெயில நம்பி என் மூணு பயலுவள உள்ள உட முடியாது. நாங்க எறங்கல. மேலிடத்துலயும் அதத்தான் சொல்லுதாவ. அடுத்த கப்பல் பத்தொம்பது மாசத்துல வரும். மன்னிச்சிரு, நீ யாரா இருந்தாலும்."

வடிகட்டிகள் முப்பத்தெட்டு நாள்.

மூன்று முறை மறுபடி எழுதினேன். என் தங்கை பெயர், எனக்கும் ஜெரால்டுக்கும் மட்டும் தெரிந்த ஒரு பழைய கேலி. பதில்: "அதெல்லாம் பழைய மெயில்லயே கெடக்கு யக்கா."

நாள் 1414 — 16:05

அனுப்புநர் பெயர்: மாசிலாமணி.

"தம்பி ஜெரால்டு, நான் சாகல. ரெண்டு மணி நேரம் அவ கையில சர்வர் இருந்துச்சு, அதுல எழுதுனதெல்லாம் பொய். இப்ப அவ இல்ல. எனக்குப் பலத்த அடி. தனியா இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

இருபது நிமிடத்தில்:

"அண்ணாச்சி. ஊறுகாய நாங்களே தின்னுருவோமோன்னு பயந்து பொழச்சிக்கிட்டீரு போல. அசையாமப் படும். வாரோம்."

உண்மையை எழுதியபோது என்னை விட்டுப் போனார்கள். பொய்க்கு வருகிறார்கள். உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். முகத்தைப் பார்த்தால் ஜெரால்டுக்குத் தெரிந்துவிடும்.

நாள் 1415 — 09:30

கப்பல் ஜன்னலில் தெரிகிறது. குரல் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கரில் ஜெரால்ட்:

"அண்ணாச்சி, மைக்க எடுத்து ஒரு வார்த்த பேசும். என்னத்தயாவது சொல்லும், ஏசக்கூடச் செய்யும்."

தட்டி அனுப்பினேன்: கழுத்தில் அடி. குரல் வரவில்லை.

பிறகு: "சரி. பேச்சிமுத்து கையில ஆணித் துப்பாக்கி இருக்கு. கதவுக் கண்ணாடியில ஒம்ம மூஞ்சி தெரியணும். வேற மூஞ்சி தெரிஞ்சா மொதல்ல ஆணி, அப்புறந்தான் கேள்வி."

நாள் 1415 — 10:12

கப்பல் பொருந்திவிட்டது. நால்வரும் இணைப்புக் குழாய்க்குள் வந்துவிட்டார்கள். காயம்பட்டவரைத் தூக்க இருவர், துப்பாக்கியோடு பேச்சிமுத்து, ஜெரால்ட். சாதாரண உடை, ஹெல்மெட் இல்லை. ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்திருக்கிறார்கள். கப்பலில் யாரும் இல்லை.

நாள் 1415 — 10:20

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். வாயைத் திறப்பதற்குள் பேச்சிமுத்து சுட்டான். எனக்குக் கருவாடு பதுக்கி வைத்த பேச்சிமுத்து. ஆணி என் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் குத்தி நிற்கிறது. கண்ணாடி தாங்கிவிட்டது.

ஜெரால்டின் குரல்: "யக்கா, அண்ணாச்சிய என்ன பண்ணுன? சரி, கதவத் தெற. ஒன்னக் கொல்ல மாட்டோம். மாதா சத்தியம்."

மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அடுத்து மெதுவாகச் சொன்னதும் கேட்டது: "தெறந்ததும் நெஞ்சப் பாத்துப் போடு. ரெண்டு போடு."

நாள் 1415 — 10:26

கதவுப் பலகை என் முன்னால். பச்சைப் பொத்தான் உள்கதவு. சிவப்பு வால்வு குழாயிலுள்ள காற்றை வெளியே விடுவது.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவனைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரிந்தது அது.

"யக்கா, ஏன் தெறக்க மாட்டேங்கிற? என்னப் பாரு. யக்கா, இங்க பாரு."

நாள் 1415 — 10:31

குழாய் அழுத்தம் பூஜ்யம்.

கண்ணாடியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற ஓசை முதலில் நின்றது. தட்டுவது பிறகுதான் நின்றது.

நாள் 1415 — 10:58

கப்பலைத் தனியாக ஓட்ட முடியும். கையேடு ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கிறது. வடிகட்டிகளும் இருக்கின்றன.

இந்தப் பெட்டியை இங்கேயே விட்டுப் போகிறேன். கையில் எடுத்துப் போனால் வழியில் எதையாவது அழித்துவிடுவேன்.

கப்பல் நிலையத்தோடு பொருந்தியிருக்கும்போது அதன் மெயிலும் இந்தச் சர்வர் வழியாகவே போகும். அதே கணக்கு. பூமிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்.

அனுப்புநர் பெயர்: ஜெரால்ட் பர்னாந்து.

"ஸ்டேஷன்ல யாரும் உசுரோட இல்ல. எல்லாத்தயும் பாத்துட்டோம். நாங்க நாலு பேரும் சொகம். திரும்பி வாரோம்."

அனுப்பப்பட்டது. பிழை ஏதுமில்லை.